கழுவாமல் வைத்த அச்சுகள்

அக்டோபர் 4

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதிவைக்கப் போகிறேன். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதைத் தேதி போட்டு எழுதிவைக்காவிட்டால், செய்தவர்கள் நல்லவர்களாகவே செத்துப்போவார்கள்.

காலையில் லீலா போன் செய்தாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதியோடு என் மனைவி பியூலா இறந்து ஒரு வருடம். கோயிலில் நினைவு ஆராதனை முடிந்ததும், பக்கத்து ஹாலில் பியூலா கையால் செய்த ஆல்பங்களையும் வாழ்த்து அட்டைகளையும் மேசை போட்டுப் பார்வைக்கு வைக்க வேண்டுமாம். பியூலா நடத்திய சனிக்கிழமை வகுப்பில் ஆறு வருடம் இருந்தவள் லீலா. காகிதம் வெட்டுவது, வர்ணம் பூசுவது, அச்சுக் குத்துவது எல்லாம் அங்கேதான் கற்றாள்.

"டீச்சரோட தங்கச்சிக்கும் ஒரு வார்த்த சொல்லிரட்டா சார்?" என்று கேட்டாள்.

சொல்லிக்கொள் என்றேன். வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஹெப்சி நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் பதினோரு வருடமாக அவளால் கடக்க முடியவில்லை. கூடப் பிறந்தவளின் அடக்கத்தன்றுகூட கேட்டுக்கு வெளியே, மின்கம்பத்தருகில் நின்றாள். பெட்டியைத் தூக்கியதும் திரும்பிப் போய்விட்டாள். மாடிப்படியில் நின்று நான் பார்த்தேன்.

நான் கோபக்காரன் அல்ல. நினைவாற்றல் உள்ளவன். அவ்வளவுதான்.

அக்டோபர் 7

முன்னறையைத் திறந்தேன். பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பசை, வர்ணம், ஈரக் காகிதம் மூன்றும் கலந்த வாசனை அப்படியே இருக்கிறது. ஆள் இப்போதுதான் எழுந்து காபி போடப் போனதுபோல.

மேசையில் தண்ணீர் வற்றிய தூரிகைக் குவளை. அலமாரியில் அவள் செதுக்கிய ரப்பர் அச்சுகள். இலை, பறவை, வேளாங்கண்ணிச் சங்கு, தமிழ் எழுத்துகள். தமிழில் அச்சு கடையில் கிடைக்காது. ஆங்கில எழுத்துதான் டப்பாவில் வரும். அதனால் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரை வாங்கி, பிளேடால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்குவாள். கொம்பு தனி, கால் தனி. மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தீக்குச்சியின் அடிப்பக்கம்.

இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பூட்டிவிட்டேன்.

அக்டோபர் 9

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். தோசை மாவு புளித்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 11

லீலா வந்தாள். ஆல்பங்களைப் பெட்டியில் அடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. பேசிக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பூவப் பாருங்க சார். இதச் செய்யும்போது டீச்சர் என்னைய வஞ்ச வசவு இருக்கே. 'ஏட்டி லீலா, பெயிண்டு குத்தினா பத்து நிமிசத்துல அச்ச தண்ணிக்குள்ள போடணும், காஞ்சிட்டுன்னா கல்லறையில வெட்டின எழுத்து மாதிரி, போகவே போகாது'ன்னு. என் மாமியாகூட அப்படி வையல."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே பழைய துணியில் சுற்றிய எழுத்து அச்சுகள். எல்லாவற்றின் முகத்திலும் அரக்கு நிற வர்ணம் காய்ந்து, வரிகள் அடைத்துப்போயிருந்தன.

"இதென்ன கூத்து? டீச்சர் ஒரு நாளும் கழுவாம வைக்க மாட்டாகளே. யாரு சார் இதச் செஞ்சா?"

"பிள்ளைகள் யாராவது இருக்கும்."

"தமிழெழுத்து அச்ச டீச்சர் யாரையும் தொட விட மாட்டாக. அவுகளும் தொட மாட்டாக. நான் சேந்த நாள்லயே சொல்லிட்டாக, எழுத்துன்னா பேனாவால எழுது, அச்சு யாரு கையின்னு காட்டாதுன்னு." லீலா அச்சுகளை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். "பதினெட்டு இருக்கு. ப, ண, கு, வ... வார்த்த ஏதாவது வருதான்னு பாப்பமா சார்? பேப்பர்ல வார குறுக்கெழுத்துப் போட்டி கணக்கா."

டப்பாவை வாங்கிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 12

கோயிலுக்குப் போகவில்லை.

நடந்ததைச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன் ஹெப்சிக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ராஜசிங். என் துறையில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். அந்த ஆண்டுதான் என்னைத் தாண்டி அவனைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். என் ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்பது. அவனுடையது இரண்டு. அவனுக்குச் சிரிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.

அவன் எனக்குச் சகலையாக வரப்போகிறான் என்று வீடே கொண்டாடியது. அந்தக் கிறிஸ்துமசுக்கு மாமனார் தன் வலப்பக்க நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். பதினைந்து வருடம் நான் உட்கார்ந்த நாற்காலி. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அக்காவும் தங்கையுமாக முன்னறையில் உட்கார்ந்து முந்நூறு கல்யாண அழைப்பிதழ் செய்தார்கள். அந்த எழுத்து அச்சுகள் அதற்காகத்தான் செதுக்கப்பட்டன. அரக்கு நிறம் ஹெப்சி தேர்ந்தெடுத்தது.

பிறகு ராஜசிங்கின் தாயாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று யாரோ எழுதியிருந்தார்கள். கல்யாணம் நின்றது. ஹெப்சி அதன்பின் வேறு சம்பந்தம் எதற்கும் சம்மதிக்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது.

அக்டோபர் 18

மூன்று நாளாக மழை. முன்னறைச் சுவரில் ஈரம் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனேன். துணி அலமாரியில், பியூலாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் ஓர் ஆல்பம் இருந்தது. லீலா கண்ணில் படாதது. மேலட்டையின் உள்பக்கத்தில் பியூலாவின் கையெழுத்து: ஹெப்சிக்கு.

பக்கத்துக்கு ஒரு வருடம். ஒவ்வொரு பக்கத்திலும் தங்கையின் பிறந்தநாள் தேதி. ஹெப்சியின் பழைய பள்ளிச்சீருடைத் துண்டு, இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நிற்கும் படம், திருச்செந்தூர் பஸ் டிக்கெட், காய்ந்த மருதாணி இலை. சுற்றிலும் வர்ணத்தில் பறவைகள். வருடந்தோறும் செய்திருக்கிறாள். ஒன்றைக்கூட அனுப்பவில்லை.

ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தபோது, பக்கத்தின் உள்ளே வேறு எழுத்துகள் தெரிந்தன. அட்டைகளைத் திருப்பி ஒட்டிப் பக்கமாக்கியிருக்கிறாள். விநியோகிக்கப்படாத அந்த அழைப்பிதழ்கள். ஹெப்சி, ராஜசிங். வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாப் பக்கத்திலும் அந்த இரண்டு பெயர்கள் இடவலம் மாறி எழுந்து வருகின்றன.

முதல் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரக்காற்று பட்டால் இந்த வர்ணம் இளகிப் பிடித்துக்கொள்ளும், அதனால் நடுவில் வெண்ணெய்த்தாள் வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பாள். அந்த இடத்தில் மட்டும் வைக்கவில்லை. மறதியாக இருக்கும்.

பிரிக்கவில்லை.

அக்டோபர் 21

துறையில் ராஜசிங் என் மேசைக்கு வந்தான்.

"பன்னெண்டாம் தேதி நானும் வர்றேன் சார். மேடம் செஞ்ச ஆல்பம் ஒண்ணு எங்க வீட்லயும் இருக்கு. மகளோட முதல் பிறந்தநாளுக்குச் செஞ்சு குடுத்தாங்க. சொல்லியிருப்பாங்களே?"

சொல்லவில்லை.

"அவங்க மனசு யாருக்கும் வராது சார். அந்தக் கல்யாணம் நின்ன பிறகும் எங்க அம்மாவப் பாக்க வந்தாங்க. அந்தக் கடுதாசியக் கேட்டாங்க. அம்மா கிழிச்சுப்போட இருந்தத வாங்கிட்டுப் போனாங்க."

"எதற்கு?"

"தெரியல சார். கையில வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, மடிச்சுப் பைக்குள்ள வச்சாங்களாம். அழலயாம். அதத்தான் அம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க."

அடுத்த வகுப்பில் பாடத்தின் நடுவே நிறுத்திவிட்டேன். கரும்பலகையில் நான் எழுதிய எழுத்துகளை முன்பே எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. நாற்பது மாணவர்கள் காத்திருந்தார்கள்.

அக்டோபர் 23

முன்னறையில் சத்தம் கேட்கிறது. பகலில்தான். ரப்பரைக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் மெல்லிய சத்தம். மழைநீர் சொட்டுவதாக இருக்கலாம். போய்ப் பார்த்தேன். கூரை ஒழுகவில்லை.

அக்டோபர் 26

ஹெப்சி வந்தாள்.

மதியம் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லீலா என்று நினைத்துத் திறந்தேன். தலைமுடி பாதி நரைத்திருந்தது. குடையை மடக்கி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமா அத்தான்?"

பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். உட்காரச் சொன்னேன். முன்னறையின் மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"லீலான்னு ஒருத்தி போன் பண்ணினா. வாங்கன்னு ஒரே கெஞ்சு. எந்த முகத்த வச்சிக்கிட்டு வரன்னு இருக்கு. அக்கா கல்லறைக்கு நான் இன்னும் ஒரு பூ வைக்கல."

"வந்து வையேன்."

"வைக்க முடியல அத்தான். மண்டி போட்டா அந்தக் கேள்விதான் வருது. அதக் கேக்கத்தான் வந்தேன்."

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மழை வலுத்திருந்தது.

"அந்தக் கடுதாசிய மாப்பிள்ள வீட்ல எங்கிட்டக் காட்டினாவ. பாத்ததும் தெரிஞ்சிட்டு. கல்யாணக் கார்டுக்கு நாங்க செதுக்குன எழுத்து. அந்த 'ண' நான் செதுக்குனது, பிளேடு வழுக்கி வால் வெட்டுப்பட்டிருக்கும். சின்னதுல எனக்கு ரெண்டு தரம் வலிப்பு வந்தது அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டுந்தான் தெரியும். அம்மா அதுக்கு முன்னயே போய்ச் சேந்துட்டா. வேற யாரு இருக்கா?"

பியூலா எனக்குச் சொல்லியிருந்தாள், கல்யாணமான புதிதில். அதை ஹெப்சி அறியாள்.

"நேரா இங்க வந்து கேட்டேன். நீங்க காலேசுல இருந்தீக. 'நீயா செஞ்ச?'ன்னேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அந்த அச்சுகள மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பிடியே எந்திரிச்சுப் போனவதான் நான்." ஹெப்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோவமெல்லாம் போயிட்டு அத்தான். எனக்கு இப்ப நாப்பத்திரெண்டு. ஏன் செஞ்சான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மன்னிச்சிட்டுப் பூ வச்சிட்டுப் போயிருவேன். உங்ககிட்ட ஏதும் சொன்னாளா?"

ஏதோ பதில் சொன்னேன். என்ன என்று சரியாக நினைவில்லை.

அவள் தலையசைத்தாள். நாலே முக்கால் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றாள். பன்னிரண்டாம் தேதி வருவாயா என்று கேட்டதற்கு, "இல்ல அத்தான். இனி எதுக்கு?" என்றாள்.

ஆல்பம் துணி அலமாரியில்தான் இருந்தது. பத்தடி தூரம்.

அக்டோபர் 27

நேற்று எழுதியது முழுதும் சரியல்ல. என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

"அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை இருந்திருக்கலாம்" என்றேன்.

அக்டோபர் 30

காய்ச்சல். கல்லூரிக்கு விடுப்பு. மிளகு ரசம் வைத்தேன்.

விரல்களில் அரக்கு நிறம் ஒட்டியிருப்பதுபோல் தோன்றிக்கொண்டே இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். துண்டில் ஒன்றும் இல்லை.

அந்த நாளைப் பற்றி: பியூலா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மாலை நான்கு மணி. மை ஒற்றும் அட்டை எங்கே என்று தெரியாததால் தட்டில் இருந்த வர்ணத்தைத் தொட்டுக் குத்தினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அச்சுகளை எடுத்த இடத்தில் திரும்ப வைத்தேன். கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்த வகுப்பில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே பார்த்திருப்பாள். எந்தப் பதினெட்டு எழுத்து என்றும் பார்த்திருப்பாள். அன்று எனக்கு இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் வைத்தாள். போதுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு பத்து வருடம் இருந்தாள். ஒவ்வொரு நாளும் போதுமா என்று கேட்டாள்.

நவம்பர் 1

ஒட்டிய பக்கங்களை ஆவி காட்டிப் பிரித்தேன்.

இடது பக்கத்தில் அந்தக் கடுதாசி. நான்கு மூலையும் ஒட்டி, சுற்றிலும் ஒன்றும் வரையாமல் வைத்திருக்கிறாள். பறவை இல்லை, பூ இல்லை. கீழ் ஓரத்தில் வர்ணம் பட்ட ஒரு கட்டைவிரல் ரேகை. அதைச் சுற்றி மெல்லிய பென்சில் வட்டம். வேறு எதுவும் எழுதவில்லை. பெயர் இல்லை.

வலது பக்கத்தில் அந்த வருடப் பிறந்தநாளுக்கான படம். ஹெப்சி மஞ்சள் தாவணியில். பிரித்தபோது கடுதாசியின் வர்ணம் கொஞ்சம் பெயர்ந்து படத்தில் ஏறிவிட்டது. நெற்றியிலும் கன்னத்திலும் எழுத்துகள், திருப்பிப் போட்டதுபோல. ஈரத்துணியால் ஒற்றினேன். வரவில்லை. கடுதாசிப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டால்கூட அந்த முகத்தில் அது இருக்கும்.

இதை ஹெப்சியின் கையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும். அதற்காகவே செய்து வைத்திருக்கிறாள். ஆனால் கொடுக்கும் வேலையை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

நவம்பர் 3

கடிதம் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. மூன்றரைப் பக்கம் ராஜசிங்கையும் கல்லூரியையும் மாமனாரையும் பற்றியது. கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 5

மறுபடி எழுதினேன். "அந்தக் கடுதாசியை நான்தான் எழுதினேன். உன் அக்காள் எனக்காக வாயைத் திறக்கவில்லை." இரண்டு வரி. கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். லீலாவின் போன் வந்தது.

"வெள்ளைத் துணி விரிச்சாச்சு சார். நடுவுல டீச்சர் போட்டோ. தங்கச்சியும் வந்துட்டாகன்னா நல்லா இருக்கும். நீங்க ஒரு வார்த்த சொன்னா வருவாக சார். உங்க மேல அவுகளுக்கு மரியாத உண்டு. 'அத்தான் பாவம், ஒண்ணும் தெரியாத மனுசன்'னு எங்கிட்டச் சொன்னாக."

அதற்குப் பிறகு பெயர் எழுதவில்லை.

நவம்பர் 7

ஆல்பத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி, இரண்டு வரிக் கடிதத்தையும் உள்ளே வைத்துத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். எடை போட்ட பெண் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஃப்ரம் அட்ரஸ் எழுதலியே சார்."

"இல்லாமல் அனுப்ப முடியாதா?"

"பார்சலுக்கு அனுப்புறவங்க பேரு, போன் நம்பர் வேணும் சார். சும்மா லெட்டர்னா ஸ்டாம்ப் ஒட்டி வெளிய பெட்டியில போட்டுருங்க, யாரும் கேக்க மாட்டோம்." பேனாவை நீட்டினாள். "பேருதான சார், சொல்லுங்க, நானே எழுதிக்கிறேன்."

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். எதை மறந்தேன் என்று அவள் கேட்கவில்லை. பொதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நவம்பர் 8

காலையில் முன்னறைக்குப் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே சத்தம் இல்லை. இத்தனை நாளில் இன்றுதான் இல்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது, யாரோ கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பதுபோல்.

ஆல்பம் இங்கேயே இருக்கட்டும். ஈரம் படாமல் பார்த்துக்கொள்வேன். வெண்ணெய்த்தாள் வாங்கி ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவிலும் வைப்பேன். அது பியூலாவின் வேலை. அதைத் தபாலில் நசுங்க விடக் கூடாது.

கடிதம் போதும். ஆனால் அந்த இரண்டு வரியை அப்படியே அனுப்ப முடியாது. என் கையெழுத்தை ஹெப்சிக்குத் தெரியும், அவளுடைய பி.எட். விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். தெற்குப் பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் நானே தட்டச்சு செய்தேன். கடைக்காரர் திரையைப் பார்க்கவில்லை. அச்சாகி வந்ததை அங்கேயே நின்று படித்தேன்:

"உங்கள் அக்காள் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. வேறொருவர் எழுதினார். உங்கள் அக்காள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொறாமை என்று சொல்லப்பட்டது பொய். கல்லறைக்குப் பூ வையுங்கள்."

உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் அதில் இல்லை.

உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். முகவரியும் அச்சில்தான். ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. தெருமுனைப் பெட்டியில் மூன்றரைக்கு எடுப்பார்கள். திங்களன்று நாசரேத் போய்ச் சேரும், புதனன்று ஆராதனை.

அவள் நம்புவாளா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பெயரில்லாத ஒரு கடிதத்தை நம்பித்தான் ஒரு கல்யாணத்தையே நிறுத்தினார்கள். அதே வகைக் கடிதம்தான் இதுவும். இதையும் நம்பட்டும்.

மணி மூன்று. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன். பெயர் போடப் போவதில்லை.